கால் மணி நேர வழி

ஆலைச் சங்கு ஊதுமுன்பே, கேட்டுக்கு வெளியே குவித்திருக்கும் ஜல்லியை லாரியில் ஏற்றிவிட வேண்டும். விடியற்காலையிலேயே மூக்கு, நாக்கு, கண்ணிமை எல்லாம் கல்தூள். கூடை தலையில் இருந்தாலும் நினைப்பு வீட்டில்தான். மனைவிக்கு இது நிறைமாதம்.

எங்கள் தெருமுனையில் இருந்த ஆஸ்பத்திரியைப் போன மாதம் நாங்கள் வேலை செய்யும் கல்லுடைக்கும் ஆலைக்கு அந்தப் பக்கம் மாற்றிவிட்டார்கள். தப்பு எங்கள்மேலும் உண்டு, மறைப்பானேன்? மாற்றுவதற்கு முன்பு கணக்கெடுக்க வந்த வரைபட அதிகாரி, "ஆலைக்கு அந்தப் பக்கம் நடந்து போக எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார். "கால் மணி நேரம்" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆலைக்குள் முன்கேட்டுக்கும் பின்கேட்டுக்குமாய் தினமும் சுமந்து நடக்கிற கால்களுக்கு அதைவிட்டால் வேறு வழியே தோன்றவில்லை. வேலை நேரம் போக கேட் பூட்டிக் கிடக்கும் என்று ஒரு மடையனும் சொல்லவில்லை. முதல் மடையன் நான்.

போன ஞாயிறு மச்சான் கூரையிலிருந்து விழுந்து தொடையை முறித்துக்கொண்டான். கேட்டைத் திறக்கவில்லை. கட்டிலோடு தூக்கிக்கொண்டு கால்வாயைச் சுற்றி ஓடினோம். ஒன்றேகால் மணி நேரம். "இன்னும் எவ்வளவு தூரம், மாமா?" என்று வழியெல்லாம் அனத்தினான்.

இன்று அந்த அதிகாரி வரைபடத்தைச் சரிபார்க்க மறுபடி வந்தார். காரிலிருந்து ஆலை முதலாளியும் இறங்கினார்.

"கேட்டைத் தெறந்தே வச்சா என்ன, முதலாளி?" என்றேன்.

"இதென்ன பொது ரோடா? மிஷின் ஓடுற எடம். எவனாவது அடிபட்டா யாரு பதில் சொல்றது?"

"வெளிய கெடந்து சாகலாமாக்கும்!" என்றாள் கல் பொறுக்கும் அக்கா.

அதிகாரி வரைபடத்தை விரித்தார். "இதுல ஆலைக்குள்ள பாதைன்னுதானே இருக்கு? நீங்க சொன்னதுதான்பா. மனு குடுங்க, பரிசீலிப்பாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அதுவரைக்கும் எம் பொண்டாட்டி வலிய அடக்கிக்கிட்டு இருக்கணுமா, சார்?"

சங்கு ஊதியது. கேட் திறந்தது. அக்கா நகரவில்லை.

"இன்னிக்கு ஒருத்தரும் உள்ள போகக் கூடாது. ஞாயித்துக்கெழம தூக்குன அந்தக் கட்டிலக் கொண்டாங்க. மூணு கூடை ஜல்லிய அதுல கொட்டுங்க, ஒரு பொம்பள எடை. கால்வாயச் சுத்தித் தூக்குங்க. சார் கூட நடந்து பாக்கட்டும்."

"அரைநாள் கூலி போயிடும்!" முதலாளி கத்தினார்.

"போனாப் போவுது!"

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். பிறகு எங்களோடு நடந்தார்.

கால்வாய்க் கரையில் வெயில் ஏறியது. கட்டில் தோளை அறுத்தது. கால் மணி நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. சட்டை நனைந்த அதிகாரி மூச்சு வாங்கக் கேட்டார்:

"இன்னும் எவ்வளவு தூரம்பா?"

"பாதிகூட வரல, சார்."

திரும்பிப் பார்த்தேன். தோள் மாற்ற இன்னும் நாற்பது பேர் வந்துகொண்டிருந்தார்கள்.