இருபத்து மூன்று ஜோடிப் பாதங்கள்

அரசுக்கு அபோண்டி எட்டு லட்சத்து முப்பத்திரண்டாயிரம் ஷில்லிங் விற்பனை வரி பாக்கி என்று கடிதம் வந்த காலையில், கிசுமு நகரைச் சுற்றி இருபத்து மூன்று வீட்டு முற்றங்களில் புதைத்திருந்தவர்களின் பாதங்கள் மண்ணுக்கு வெளியே வந்து நின்றன. கணக்கில் பிழையில்லை. அடக்கச் செலவில் நூற்றுக்குப் பதினாறு பங்கு வரி பாக்கி. ஆளுக்கு அந்தப் பங்கு புதையாமல் நின்றது.

அபோண்டி யாரிடமும் சம்பளத்துக்கு இல்லை. இறந்தவரின் படமும் வரலாறும் போட்டு இரங்கல் புத்தகம் தயாரித்துக் கொடுப்பாள். வருஷத்துக்கு இரண்டு லட்சம் கிடைத்தால் அதிகம். கை சுத்தம் என்பதால் சாவு வீட்டுக்கு ஊரார் போடும் பணமெல்லாம் அவள் போனுக்கே வரும். அன்றைக்கே சவப்பெட்டிக்காரனுக்கும், சாவு விருந்துக்கு மாடு கொடுத்தவனுக்கும் போய்விடும். ஒரு வருஷத்தில் அப்படி இருபத்து மூன்று சாவுகளுக்கு ஐம்பத்திரண்டு லட்சம் வந்து போயிற்று. ஐம்பது லட்சத்துக்கு மேல் விற்பவர் வரிக்குப் பதிய வேண்டும். போனில் வந்ததெல்லாம் விற்பனை என்று வரி அலுவலகம் எழுதிக்கொண்டது.

"ஏன் சார், நான் என்ன சாவையா வித்தேன்?" என்று அதிகாரி கிப்ரோட்டிச்சிடம் கேட்டாள்.

"கம்ப்யூட்டர்ல அப்படித்தான் காட்டுதும்மா. முதல்ல பதிவுல கையெழுத்துப் போடுங்க, அப்புறம் மனு குடுங்க."

போட்டால் கடனை ஒப்புக்கொண்டதாகும். பிழைப்புக்கு இருந்த ஒரே லேப்டாப்பும் ஜப்தியில் போய்விடும். எட்டு முறை வேலையைப் போட்டுவிட்டு அலுவலகத்துக்குப் போய்க் காத்திருந்தாள். ஊரிலோ அந்த இருபத்து மூவரில் ஒருவரான ஒடேராவின் மனைவி வழிமறித்தாள். "என் வீட்டுக்காரர் கால்மேல கோழி ஏறி நிக்குதுடி! அந்த வரியக் கட்டித் தொலையேன்!"

காத்திருந்த நேரத்திலெல்லாம் அலுவலகச் சுவரில் இருந்த அறிவிப்பை எழுத்து விடாமல் படித்திருந்தாள். ஒன்பதாம் முறை இருபத்து மூன்று பெயர்களை எழுதி மேசையில் வைத்தாள்.

"வரி, வாங்குறவன் குடுக்கறது, விக்கிறவன் வசூலிச்சுக் கட்டறதுன்னு செவுத்துல நீங்களே ஒட்டியிருக்கீங்க. நான் வித்தது நெசம்னா, வாங்கினவங்க இவங்கதான். போய்க் கேட்டுட்டு வாங்க. கையெழுத்து ஓடியா போவுது?"

விதி விதிதான். கிப்ரோட்டிச் முற்றம் முற்றமாகப் போய்ப் பாதங்களுக்கு எதிரே நின்று நோட்டீஸை உரக்கப் படித்தார். சட்டம் சொன்ன முப்பது நாள் கழித்து மறுபடியும் படித்தார். ஒடேராவின் கால்விரல்கள் தாளை வாங்கி நிதானமாகக் கிழித்துப் போட்டன. "வாங்கியவர் மறுக்கிறார்" என்று குறித்துக்கொண்டார். இப்படி இரண்டு வருஷம் ஓடியது.

கடைசியில் ஒரு தாள் வந்தது: விற்பனை எதுவும் நடக்கவில்லை, பதிவு தேவையில்லை, தொகை முழுதும் தள்ளுபடி. மன்னிப்பு என்ற சொல்லை அபோண்டி அதில் இரண்டு முறை தேடினாள். இல்லை. அன்று மாலைக்குள் பாதங்கள் மண்ணுக்குள் போய்விட்டன. ஒடேராவுக்கு மட்டும் காற்று பழகிவிட்டது. வெயில் படாமலிருக்க வீட்டார் மேலே ஒரு தகரம் போட்டுக் கொடுத்தார்கள்.