கரீமுல்லாவின் கொட்டாவி

உடலைச் சுமந்துபோகும் காலி சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு நான்கு பேர் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டபோது, ஆயத் போனில் வந்திருந்த கடிதத்தை இரண்டாம் தடவை வாசித்துக்கொண்டிருந்தாள்.

அவளைப் பெற்ற அத்தா கரீமுல்லா விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்திருந்தார். குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றியாகிவிட்டது. மாலை அஸர் தொழுகைக்குள் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோக வேண்டும். முகத்தை மூட இன்னும் பத்து நிமிடம்தான். அதற்குள் அவர் காதில் இதைப் போட்டுவிட வேண்டும் என்று அவளுக்குப் பரபரத்தது.

லஸ் முனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவருக்குத் துருக்கிய மொழிகள் எதற்கு என்று கேட்காதவர்கள் மயிலாப்பூரிலேயே கிடையாது. துருக்கி, கசாக்கு, யாக்கூத்து என்று முப்பத்துச் சொச்சம் மொழிகளில் ஒரே சொல் எப்படியெல்லாம் உருமாறியிருக்கிறது என்று வரிசையாக எழுதி, அவற்றுக்கெல்லாம் தாயான சொல்லைக் கண்டுபிடிக்கப் பார்ப்பார். ஊகித்த சொல்லின் தலையில் ஒரு நட்சத்திரம் போடுவார். யாரும் காதால் கேட்டதில்லை என்று அதற்கு அர்த்தம். அவர் மனைவி ஜைதூன் பீ அதை மளிகைச் சீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். வீட்டில் கண்ணால் பார்த்தே நாளாகிவிட்ட சாமானுக்கெல்லாம் நட்சத்திரம். நெய்க்கு அது நிரந்தரம்.

இருபத்திரண்டு வருடம் அவர் மல்லுக்கட்டியது ஒரே சொல்லோடு. கொட்டாவி! அதன் தாய்ச்சொல்லின் நடுவே மூக்கொலி ஒன்று இருந்தது, பிள்ளை மொழிகள் அதை விழுங்கிவிட்டன என்பது அவர் கட்சி. எங்கோ ஒரு மலைமொழி மட்டும் அதைக் காப்பாற்றி வைத்திருக்கும் என்று நம்பினார். அந்த மொழிக்காரர் ஒருவரையும் பார்க்காமலே, அவர்கள் கொட்டாவியை இப்படித்தான் சொல்வார்கள் என்று ஒரு சொல்லை எழுதி, நட்சத்திரமும் போட்டுத் தன் புத்தகத்தில் அச்சேற்றிவிட்டார். வெளிநாட்டுக் கருத்தரங்கில் ஒரு பேராசிரியர் எழுந்து, "கண்ணாடிக் கடைக்காரருக்கு இல்லாததும் தெரிகிறது" என்றார். சபையே சிரித்தது. ஊருக்கு வந்து ஆயத்திடம் மட்டும் அதைச் சொன்னார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

இப்போது அத்தாவின் பெயருக்கு எழுதியிருப்பதும் அதே பேராசிரியர்தான். 'அந்த மலையில் ஆடு மேய்க்கும் ஒரு கிழவியின் பேச்சைப் பதிவு செய்தோம். நீங்கள் எழுதியதே சரி. அன்று நான் சிரித்தது தவறு. குரலை இணைத்திருக்கிறேன்.'

ஆயத் தலைமாட்டில் உட்கார்ந்து போனை அத்தாவின் காதருகே கொண்டுபோனாள்.

"இன்னாமா பண்ற? மையத்துகிட்ட போய் போனா?" என்றார் அம்மாவின் தம்பி அப்துல் வஹீத். "டைம் ஆய்க்கினு கீது. கீழ ஜனம் நிக்குது."

"ஒரு நிமிஷம் மாமா. அத்தா ஜெயிச்சிட்டாரு."

"இன்னாத்துல?"

"கொட்டாவில."

மாமா போனை வாங்கக் கை நீட்டினார். ஜைதூன் பீ மூலையிலிருந்து பேசினாள்.

"நீ சும்மா இரு வஹீது. இருபத்திரண்டு வருசமா அந்த வார்த்தையும் ஒரு ஆளா இந்த வூட்ல சோறு தின்னுக்கினு கீது. போடு ஆயத்து. சத்தமா போடு."

முதலில் காற்று இரைந்தது. ஆட்டு மணி கேட்டது. பேராசிரியர் ஏதோ கேட்டார். கிழவி அந்தச் சொல்லைச் சொன்னாள். நடுவில் அந்த மூக்கொலி கணீரென்று விழுந்தது, அத்தா எழுதி வைத்தபடியே, இம்மி பிசகாமல்.

"கேட்டீங்களா அத்தா!" என்றாள் ஆயத். அழுகையும் பெருமையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அந்தச் சபை முழுவதையும் இழுத்துவந்து இந்த அறையில் நிறுத்த வேண்டும்போல் இருந்தது.

சொன்னது போதாதென்று கிழவி செய்தும் காட்டினாள். ஆவென்று நீளமாக ஒரு கொட்டாவி. வஹீத் மாமா சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக் தானாகத் திறந்த வாயைக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டார்.

பிறகு அத்தாவின் முகத்தை மூடினார்கள். சந்தூக்கு படியிறங்கியது. ஆண்கள் எல்லோரும் கலிமா சொல்லிக்கொண்டே பின்னால் போனார்கள். பெண்கள் வீட்டில் தங்கினார்கள்.

"அந்த வார்த்தை எந்தப் பக்கம்?" என்று கேட்டாள் ஜைதூன் பீ. ஆயத் அத்தாவின் புத்தகத்தைப் பிரித்து, இடத்தை விரலால் காட்டினாள்.

ஜைதூன் பீ மளிகைச் சீட்டு எழுதும் பேனாவை எடுத்து, அந்த ஒரு நட்சத்திரத்தை மட்டும் அடித்தாள். மூடியைப் போட்டாள். ஆஸ்பத்திரியில் கண் விழித்த இரண்டு ராத்திரிக்கும் சேர்த்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பெரிதாக ஒரு கொட்டாவி விட்டாள்.