அரிசிப் பானையில் ஆண்ட்ரோமீடா

1.

இந்தக் கதைக்கு என்னிடம் இருக்கும் ஆதாரம் ஒரே ஒரு வாக்கியம். மூவாரில், ஆற்றோரக் கடையொன்றில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசைக்காரர் யாரிடமோ சொன்னார்: "அந்தக் காலத்துல இங்க ஒரு பாய் ஸ்டூடியோ வெச்சிருந்தாரு, கூர தொறக்கும்லா." அவ்வளவுதான். அடுத்த வாய்க்குள் பேச்சு அவருடைய மூட்டுவலிக்குப் போய்விட்டது.

(விவரம் தெரிந்தவர்கள் உடனே சொல்வார்கள்: மின்விளக்கு சரியாக இல்லாத நாளில் படம் பிடிக்கச் சூரிய வெளிச்சம் வேண்டும், அதனால் கூரை திறக்கும். நியாயமான பதில். நியாயமான பதில்களை வைத்துக்கொண்டு எனக்குக் கதை எழுத வராது.)

பொழுது சாய்ந்த பிறகும் அந்தக் கூரையை அவர் திறந்திருந்தால்? அந்த எண்ணத்தோடு பேருந்தில் ஏறினேன். ஜொகூர் பாரு வந்து சேர்வதற்குள் அவருக்குப் பெயர் வைத்து, கல்யாணமும் செய்து வைத்துவிட்டேன்.

2.

முதல் தொடக்கம்: "1934ஆம் ஆண்டு. மூவார் நகரத்தின் மேல் விண்மீன்கள் வைரங்களைப் போல" — வேண்டாம். வைரம் என்று எழுதியதும் எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது.

இரண்டாம் தொடக்கம்: "சாதிக் பாட்சாவுக்குச் சின்ன வயதிலிருந்தே வானத்தின் மீது தீராத" — இதுவும் வேண்டாம். சின்ன வயதிலிருந்தே ஆசைப்பட்டவர்களை நான் நம்புவதில்லை. பைத்தியம் பிடிப்பது நாற்பதுக்கு மேல்தான், அதுவும் கடைக்கு ஆள் வராத ஒரு மதியத்தில்.

மூன்றாம் தொடக்கம்: "பானையில் அரிசி குறைந்திருந்தது." இது இருக்கட்டும்.

3.

சாதிக் பாட்சா மூவாரில் புகைப்படக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் ஒரு கொட்டகை. அதன் அத்தாப்பு ஓலைக் கூரையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைத் தள்ளிவிடலாம். உள்ளே ஒரு சிறிய தொலைநோக்கி. அதன் முதுகில், கல்யாணப் படம் எடுக்கும் அதே கேமராவை வாரால் கட்டியிருந்தார்.

வானம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. மங்கலான ஒன்றைப் படம் பிடிக்க வேண்டுமென்றால், மணிக்கணக்கில் கேமராவும் அதோடு நகர வேண்டும். அப்படித் திருப்புகிற தாங்கிகள் சீமையிலிருந்து வரும். அவை சுழல்கிற அச்சு நன்றாகச் சாய்ந்து நிற்கும். அந்த ஊருக்கு அதுதான் சரி. நாமோ பூமியின் இடுப்பில் இருக்கிறோம். மூவாரில் அந்த அச்சு கிட்டத்தட்டப் படுத்துக்கிடக்க வேண்டும். சாதிக் பாட்சா கட்டில் செய்கிற சீனத் தச்சர் ஒருவரிடம் போனார். "யார் படுக்க?" என்று அவர் மலாயில் கேட்டார். சாதிக் பாட்சா மேலே கையைக் காட்டினார். தச்சர் அதற்குமேல் எதுவும் கேட்காமல் மரத்தை அளந்தார்.¹

சாதிக் பாட்சாவுக்கு வேண்டியது வடக்கே தெரிகிற ஒரு மங்கல். வெறும் கண்ணுக்கு, கண்ணாடியில் மூச்சு விட்ட மாதிரி இருக்கும். அன்று அதை நெபுலா என்றார்கள். இன்று ஆண்ட்ரோமீடா கேலக்ஸி என்கிறோம். நம்முடைய நட்சத்திரக் கூட்டத்துக்கு வெளியே இன்னொரு முழுக் கூட்டம். அதன் வெளிச்சம் இங்கே வர ஒன்பது லட்சம் வருடம் ஆகும் என்று அவர் படித்திருந்தார். (இன்றைய கணக்கில் அதைவிட மிக அதிகம். அதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.)

சங்கடம் என்னவென்றால், அது முன்னிரவில் உயரத்துக்கு வருகிற நவம்பர், டிசம்பரில்தான் ஜொகூரில் மழைக்காலம். வருடாவருடம் அந்த மங்கல் வரும், மேகமும் வரும். மூன்று வருடமாக அவர் கூரையைத் தள்ளுவதும் மூடுவதுமாக இருந்தார்.

¹ தச்சர் மரத்தையாவது அளந்தார். நான் எதையும் அளக்கவில்லை, நம்புங்கள்.

4.

இனி பானை.

படம் பிடிக்கிற கண்ணாடித் தகடுகள் ஈரக் காற்றில் பூஞ்சை பிடித்துவிடும். மூவாரில் காற்றே பாதி தண்ணீர். அதனால் தகடுகளை அவற்றின் மரப்பெட்டிகளில் போட்டு, துணியில் சுற்றி, அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பார். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.²

அந்த நவம்பரில், நிலவில்லாத ஒரு முன்னிரவில், வானம் திறந்தது. இஷா தொழுகை முடித்து வந்தவர் கூரையைத் தள்ளினார். தொலைநோக்கியின் குறுக்கு நூலில் ஒரு விண்மீனைப் பிடித்துக்கொண்டு, திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். ஆற்றுப் பக்கமிருந்து சேற்று வாசனை வந்தது. எங்கோ ஒரு படகில் யாரோ இருமினார்கள். அவருக்குத் தன் கை தெரியவில்லை, கால் தெரியவில்லை. கொட்டகையே மெல்லக் கரையை விட்டு நகர்ந்து போவதாகப் பட்டது. நானும் அவரோடு அங்கே இருந்தேன். எழுதுவதை நிறுத்திவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தேன். அந்த ஒரு பத்தியை எழுதத்தான் இந்தக் கதையையே எழுதுகிறேனோ என்று தோன்றியது.

பிறகு மேகம் மூடியது. வெளிச்சம் போதவில்லை. இப்படி நேர்ந்தால் தகட்டைக் கழுவாமல் வைத்திருந்து, மறுநாள் அதே இடத்துக்குத் திருப்பி மிச்சத்தை எடுப்பார்கள். அவரும் அப்படித்தான் செய்தார். தகட்டை மூடி, பானையின் அடியில் வைத்தார்.

² பானைக்குப் பேர்போன பக்கத்து ஊரின் பெயரால், ஆயர் ஈத்தாம் பானை என்று எழுத ஆசை. அந்த வருடம் அங்கே பானை செய்தார்களா என்று தெரியாததால், வெறும் பானை.

5.

அவர் மனைவி காதர் பீவியை முதல் வரைவில் ஒரு ஓரத்தில் உட்கார வைத்திருந்தேன். புருஷன் வானம் பார்ப்பார், அவள் பெருமூச்சு விடுவாள். எழுதி முடித்துப் படித்தபோது, அவள் என்னைப் பார்த்து, "பெருமூச்சு விட எனக்கு நேரம் இருக்கா?" என்று கேட்பதுபோல் இருந்தது. அடித்துவிட்டேன்.

அவள் செய்தது இதுதான்: காலையில் சோறு வைக்க அரிசி எடுத்தாள். அரிசி குறைந்திருந்தது. மரப்பெட்டிகளை வெளியே எடுத்து வைத்து, புது அரிசி கொட்டி, திரும்பப் புதைத்தாள். அடியில் இருந்த பெட்டி மேலே வந்துவிட்டது. குற்றம் சொல்ல ஆள் இல்லை. சோறு வேண்டும்தானே?

அதே காலையில், ஊருக்கு வெளியே இருந்த ரப்பர் தோட்டத்திலிருந்து ஆள் வந்தது. சாவு வீடு, படம் எடுக்கணும். அந்த நாளில் அது வழக்கம். இறந்தவரைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, நாற்காலியில் உட்கார வைத்துப் படம் எடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். கடல் கடந்து வந்து பார்க்க முடியாதவர்களுக்கு அதுதான் கடைசி முகம். சாதிக் பாட்சா மேலாக இருந்த தகட்டை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போனார். சாவு வீட்டுக்கு எப்போதும் ஒரு தகடுதான். பிணம் அசையாது.

6.

இறந்தவர் வெள்ளையம்மா. பக்கத்தில் நின்றவள் மகள் செல்லம்.

ஊரில் நான்கு வயது மகனை மாமியாரிடம் விட்டுவிட்டு வெள்ளையம்மா கப்பல் ஏறினார். அடுத்த வருடம் வந்துவிடுவேன் என்றுதான் சொன்னார். செல்லம் இங்கே பிறந்தாள். அந்த மகன் ஒரு கடிதத்துக்கும் பதில் போட்டதில்லை. "என்ன உட்டுட்டுப் போனவ" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியதோடு சரி. கொள்ளி போடவேண்டிய பிள்ளை. கருமாதியாவது அவன் செய்யவேண்டும் என்பது செல்லத்தின் ஒரே ஆசை. அம்மாவின் முகத்தைப் பார்த்தால் மனம் இளகுவான் என்று நம்பினாள். வெள்ளையம்மாவுக்கு வேறு படமே கிடையாது.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், வீட்டு வாசலில் நாற்காலி போட்டார்கள். பின்னால் வீட்டின் இருட்டு.

7.

இருட்டறையில் தகட்டைக் கழுவியபோது, வெள்ளையம்மாவின் தலைக்கு மேல் புள்ளி புள்ளியாக ஏதோ எழுந்தது. பூஞ்சை என்று நினைத்தார். பிறகு காதோரத்தில், ஒரு நிலக்கடலை நீளத்துக்கு, சாய்வாக ஒரு மங்கல்.

"அலமாக்," என்று மலாயில் வியந்தார். தகட்டைச் சிவப்பு விளக்கருகே தூக்கிப் பிடித்தார். மூன்று வருடம்! வந்துவிட்டது! சுருளின் ஓரம்கூடத் தெரிகிறது. அதற்குப் பிறகுதான் நாற்காலியில் இருந்த முகம் கண்ணில் பட்டது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

காதர் பீவி பார்த்துவிட்டு, "அந்தப் புள்ளைட்ட என்னங்க சொல்லப் போறீங்க?" என்றாள்.

"தப்பு நடந்துருச்சுன்னுதான்."

"சொல்லுங்க. சொல்லிட்டு, வேற படம் எடுத்துக் குடுப்பீங்களா?"

வெள்ளையம்மாவைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் ஆகியிருந்தது.

8.

செல்லம் கடைக்கு வந்தாள். படத்தைக் கையில் வாங்கினாள். அழவில்லை. விரலை அந்த மங்கலின் மேல் வைத்தாள்.

"பாய், இது எங்கம்மாவா?"

"அம்மா நாற்காலியில இருக்காங்க தங்கச்சி."

"அது இல்ல பாய். இது. பக்கத்துல போவுதே, இது. அம்மா உசுரா? நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னீங்கன்னா அண்ணனுக்கு அப்படியே எழுதச் சொல்றேன். அம்மா ஊருக்குத்தான் வருதுன்னு. அவரு கருமாதி பண்ணிடுவாரு பாய்."

உள்வாசலில் காதர் பீவி. உயிரைப் பற்றி அறிவது படைத்த இறைவனுக்கு மட்டும் உரியது, அதைப் பற்றிப் பொய் சொல்வது பாவம் என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

9.

முடிவு, ஒன்று: அவர் தலையாட்டுகிறார். படம் கப்பலேறுகிறது. ஒரு கேலக்ஸி வெள்ளையம்மாவின் உயிராக ஊர் போய்ச் சேர்கிறது. மகன் மொட்டை போட்டுக்கொண்டு, எள்ளும் தண்ணீரும் இறைக்கிறான். சாதிக் பாட்சா அதற்குப் பிறகு தொழுகையில் நிற்கும்போதெல்லாம் — இதற்கு மேல் எழுத முடியவில்லை. நான் எழுதினால் அவரைத் தண்டித்துவிடுவேன்.

முடிவு, இரண்டு: உண்மையைச் சொல்கிறார். ஒன்பது லட்சம் வருடம், பானை, அரிசி, எல்லாம். செல்லம் கேட்டுவிட்டு, "இந்த வெளிச்சம் அண்ணன் ஊர்லயும் தெரியுமா பாய்?" என்கிறாள். "தெரியும். இங்கவிட அங்க இன்னும் உசரத்துல தெரியும்." "அப்ப அதையே எழுதுங்க. அண்ணாந்து பாக்கச் சொல்லுங்க."

இதை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தேநீர் போட்டுக்கொண்டேன். அவ்வளவு திருப்தி. திரும்பி வந்து படித்தபோது குட்டு வெளிப்பட்டுவிட்டது. அது செல்லத்தின் பேச்சு இல்லை. தப்பித்துக்கொள்ளப் பார்க்கிற என் பேச்சு. அம்மாவைப் பறிகொடுத்து மூன்றாம் நாள் நிற்பவள் அவ்வளவு அழகாகத் தேறமாட்டாள். அவளுக்கு வேண்டியது வானம் இல்லை. அண்ணன்.

முடிவு, மூன்று: காதர் பீவி முன்னால் வந்து — என்ன சொல்வாள்? ஒரு மணி நேரமாக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் என்னைப் பார்க்கிறாள். "நீங்கதானே ஆரம்பிச்சீங்க" என்பதுபோல.

10.

ஆரம்பித்தது நான்தான். ஆனாலும் முடிக்க மாட்டேன். சாதிக் பாட்சா பொய் சொன்னால் ஒரு மகன் தாய்க்குத் திரும்பக் கிடைக்கலாம். உண்மை சொன்னால், அம்மாவின் ஒரே படத்தில் விழுந்த ஒரு தவறை மட்டும் செல்லம் வீட்டுக்குக் கொண்டுபோவாள். இரண்டில் ஒன்றை எழுத என் கை வரவில்லை. கோழைத்தனம் என்றால் சரி, கோழைத்தனம்தான்.

சாதிக் பாட்சா எழுந்துவிட்டார். நாற்காலியை நான் உங்களுக்குத் தருகிறேன். உட்காருங்கள். கடை வாசலில் மழை பிடித்துக்கொண்டது. மேசைக்கு அந்தப் பக்கம் செல்லம் நிற்கிறாள். விரலை இன்னும் எடுக்கவில்லை.

"தங்கச்சி, இது"

இதற்குப் பிறகு உள்ளதை நீங்கள் சொல்லுங்கள். அவசரப்படாதீர்கள், ஆனால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நீங்கள் எதைச் சொன்னாலும் அவள் நம்பிவிடுவாள்.