தௌபீக் ஏன் சோறு தின்னவில்லை

ஒரு கையால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மறுகையால் நெற்றி முடியைக் கோதிவிட முடியுமா என்று சோதித்துப் பார்க்கப் போய்த்தான் முனாப், பக்கீர் முகைதீன் மாமா வீட்டு வாசலில் படங்கு விரித்துக் காயப்போட்டிருந்த அவித்த நெல்லுக்குள் சைக்கிளோடு விழுந்தான். முடியைக் கோத முடிந்தது. அதற்குப் பிறகுதான் நெல் குறுக்கே வந்தது.

சோதனை அவனுக்காக அல்ல, தௌபீக்குக்காக. கல்முனையில் மாதம் ஒருமுறை அச்சாகும் சின்னச் சஞ்சிகை ஒன்றில் முனாப் எழுதிவந்த காதல் தொடர்கதையின் நாயகன் தௌபீக். ஆறடி உயரம், சுருள் முடி, மோட்டார் சைக்கிள். முனாப்பின் உயரத்தைப் பற்றி நல்லதாகச் சொல்லக்கூடியவர் அவனைப் பெற்ற உம்மா ஒருவர்தான். நாயகன் செய்வதையெல்லாம் முதலில் தானே செய்து பார்த்துவிட்டு எழுதுவது அவன் பழக்கம். மோட்டார் சைக்கிளை ஒருவரும் இரவல் கொடுக்காததால் சைக்கிள்.

வேறு எந்த வாசலில் விழுந்திருந்தாலும் பரவாயில்லை. மாமாவின் மகள் கமீலாவை அவனுக்குக் கலியாணம் முடிக்கும் பேச்சு இந்த வீட்டில்தான் தொடங்கி, பாதியில் நின்றுபோயிருந்தது. சில கிழமைகளாக மாமா பக்கத்திலிருந்து மூச்சே இல்லை.

கமீலா தொடர்கதையை விடாமல் வாசிக்கிறாள் என்று கூடப்பிறந்த ராத்தா சரீபா சொன்ன நாளிலிருந்து, முனாப் தௌபீக்கை மாதாமாதம் மெருகேற்றினான். தோளை அகலமாக்கினான். இங்கிலீசு கதைக்க வைத்தான். பேச்சு நின்றுபோன பிறகுதான் அவனுக்கு உறைத்தது: கமீலாவைக் கவர்வதற்கென்று தன் போட்டிக்காரனைத் தானே பெற்று, பெயரும் வைத்திருக்கிறான்.

“அல்லாவே! என்ன மனே, இவ்வளவு பெரிய றோட்டு கிடக்க, ஒனக்கு எங்கட நெல்லுத்தானா கிடைச்ச?” என்று சுபைறா மாமி ஓடிவந்தா. எலும்பு ஒன்றும் முறியவில்லை என்று கண்டதும், மண்ணில் சிந்தியதைப் புடைக்கச் சுளகு எடுக்க உள்ளே போனா.

கமீலா விளக்குமாறோடு வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டாள், சிரிப்பை மட்டும் மூடவில்லை.

“வாருங்க மச்சான், வாருங்க. தௌபீக்கா இருந்தா பறந்துபோய் அங்கால இறங்கியிருப்பான்.”

முனாப் குந்தியிருந்து கையாலேயே நெல்லை வாரினான். “ஒனக்கு அவன்ல நல்ல விருப்பம் போல.”

“எனக்கா? கதை தொடங்கின நாளையில இருந்து அந்த மனிசன் ஒரு வாய் சோறு தின்னல்ல. ஒரு தேத்தண்ணி இல்ல. தலைய மட்டும் கோதிக்கிட்டுத் திரியிறான். பக்கத்து வீட்டு றாஹிலா கேக்காள், வகுத்துல புண்ணோ எண்டு.”

முனாப் கதையை அவசரமாக மனதுக்குள் புரட்டினான். உண்மைதான். தௌபீக் பட்டினி.

“போன மாசம் என்ன எழுதியிருக்கீங்க? கலியாணம் முடிச்ச கையோட உங்கட கதாநாயகி நஸீமாவத் தன்ட பங்களாவுக்குக் கூட்டிக்கிட்டுப் போறானாம். எந்த ஊர்ல அது? மாப்பிள்ளை பொண்ணுட வீட்டுக்கு வாறதுதான் இஞ்ச கலியாணம். பொண்ணைக் கொண்டு போறவன பொலிசுலதான் குடுப்பாங்க.”

“கதையில அப்பிடித்தான் வரும், புள்ள.”

“பயமும் இல்ல அவனுக்கு. பாம்புக்கும் பயமில்ல, மாமிக்கும் பயமில்ல. அப்பிடி ஒரு ஆளோட என்னெண்டு காலம் தள்ளுற?”

“அப்ப எப்பிடி இரிக்கணும் எண்டு சொல்லன்.”

அவள் கூட்டுவதை நிறுத்தினாள். “சூறாவளிக்கு அடுத்த நாள், எங்கட கிணத்துக்குள்ள விழுந்து கிடந்த தகரத்த எடுக்க நீங்க இறங்கினீங்களே. காலெல்லாம் நடுக்கம். ‘கயித்த விட்டிராதீங்க மாமா’ எண்டு கத்தின சத்தம் பள்ளி வரைக்கும் கேட்டிருக்கும். ஆனா இறங்கினீங்க. பிறகு உம்மா தந்த பழஞ்சோத்தைத் திரும்பத் திரும்ப வாங்கித் திண்டீங்க. அதை எழுதினா வாசிக்கலாம்.”

முனாப்பின் காது சூடாகியது. யாருக்கும் தெரியாது என்று அவன் நினைத்திருந்த நடுக்கம் அது.

“அப்ப மாமா ஏன் ஒண்டும் பேசாம இரிக்கார்?”

“எனக்கெண்டு கட்டின வீட்டுட கூரையச் சூறாவளி கொண்டு போயிட்டு. ஓடு போட்டு முடியாம மாப்பிள்ளைய எங்க வெக்கிற? வாப்பாக்கு அதைச் சொல்ல வெக்கம்.”

பக்கத்து வளவில் அந்த வீடு மொட்டைச் சுவராக நின்றது. தினமும் கதவு நிலையில் சாய்ந்து தன் உயரத்தை அளந்துகொண்டிருந்தவன், இந்த வழியால் எத்தனையோ தரம் போயும் அதை நிமிர்ந்து பார்த்ததில்லை. நெஞ்சுக்குள் கட்டியிருந்த மூட்டை ஒன்று அவிழ்ந்தது. ஆனாலும் எழுத்தாளன் அல்லவா, நேராகக் கேட்க வாய் வரவில்லை.

“அப்ப… நஸீமாட்ட, தௌபீக் மாதிரி இல்லாம, சும்மா சாதாரண ஒருத்தன் வந்து கேட்டா, அவள் என்ன…”

“நஸீமாவ விடுங்க மச்சான். கேக்கிறதை என்னட்டக் கேளுங்க.”

உள்ளே சுளகைத் தட்டும் சத்தம் கேட்டது. மாமி வருமுன் கேட்டுவிட வேண்டும். இரண்டு கையிலும் நெல்லோடு, முடியில் உமியோடு முனாப் நிமிர்ந்தான்.

“என்னை முடிக்க ஒனக்கு விருப்பமா?”

“ஓம்,” என்றாள் கமீலா. “விருப்பம்.”