சொடக்கு தினமும் நடக்கும் பாதை

எங்க ஆஸ்பத்திரியில வருஷத்துக்கு நாலு தடவை ஊழியர் இதழ்னு ஒண்ணு வரும். நான் சலவைப் பிரிவுல பதினோரு வருஷமா இருக்கேன். அதுல சலவைன்னு ஒரு வார்த்தை வந்து நான் பார்த்ததில்லை. மாடியில கணக்குப் பிரிவுல ஒருத்தருக்குப் பிறந்தநாள்னா அரைப் பக்கம் போடுவாங்க. எங்க கீழ்த்தளத்துல வெந்நீர்க் குழாய் வெடிச்சு ரெண்டு பேருக்குக் கால் வெந்தப்போ ஒரு வரி கிடையாது. அந்தக் காகிதத்தை நான் ஈர மேஜைக்கு அடியில விரிக்கத்தான் எடுத்து வைப்பேன்.

இந்த இலையுதிர்கால இதழ்ல மட்டும் நாங்க வந்துட்டோம். வராமலே இருந்திருந்தா புண்ணியமா போயிருக்கும்.

ஆரம்பிச்சு வெச்சவ ஊழியர் நல அதிகாரி. நாங்க அவளுக்கு வெச்ச பேரு பத்தாயிரம். யாரைப் பார்த்தாலும் சிரிச்சுக்கிட்டே, இன்னிக்குப் பத்தாயிரம் அடி நடந்தாச்சான்னு கேட்பா. காலையில இருந்து ஈரப் போர்வை மூட்டையை வண்டியில வெச்சுத் தள்ளிக்கிட்டு ஓடறவகிட்ட வந்து நடக்கச் சொன்னா வயிறு எரியுமா எரியாதா? போன மாசம் அவ ஒரு நடைப் போட்டி வெச்சா. பிரிவு பிரிவா சேரணும், செல்போன்ல ஒரு ஆப் போட்டுக்கணும், அது அடியை எண்ணும். பிரிவுக்கு ஆறு பேர் வேணும். நாங்க அஞ்சு பேர்தான் தேறினோம். லிஃப்ட்ல கணக்குப் பிரிவுக்காரன் ஒருத்தன், கீழ இருக்கறவங்களுக்கு ஆப் எல்லாம் போடத் தெரியுமான்னு என் காதுபடவே கேட்டான். கூட இருந்ததுங்க ரெண்டும் இளிச்சுதுங்க. அங்கேயே முடிவு பண்ணிட்டேன், இவனுங்க மூக்கை உடைக்காம விடறதில்லைன்னு.

ஆறாவது ஆளா என் தங்கச்சியைச் சேர்த்தேன்.

அவளைச் சேர்த்திருக்கவே கூடாது. எட்டு மாசத்துக்கு முன்னாடி புருஷன்கிட்ட இருந்து ஒரே ஒரு பையோட ஓடி வந்தவ அவ. அவளோட இடது மணிக்கட்டைக் கதவிடுக்குல வெச்சு அவன் சாத்தினதுல எலும்பு கோணலா ஒட்டியிருக்கு. போர்வை மடிக்கும்போது அந்தக் கை திரும்பாது, எதிர்ல நிக்கிற நான்தான் அவளுக்கும் சேர்த்துத் திருப்பணும். அடுத்த தடவை கையோட விடமாட்டேன்னு எங்க அம்மாகிட்ட போன்லயே சொன்னவன் அவன். முதல் ரெண்டு மாசம் என் வீட்டு வாசல்லயும் ஆஸ்பத்திரி கேட்டுலயும் வந்து வந்து நின்னான். அப்போ அவ தொலைவா ஒரு தோழி வீட்டுல இருந்தா. அவ கப்பலேறி வெளிநாட்டுக்குப் போயிட்டான்னு நான் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினேன். அதை நம்பி அவன், ரெண்டு ஊர் தள்ளி இருக்கற தன் வீட்டுக்கே திரும்பிப் போயிட்டான். அதுக்கப்புறம்தான் அவளை இங்க கூட்டிட்டு வந்து, சலவையில வேலை வாங்கிக் கொடுத்து, பேக்கரிச் சந்துல ஒரு அறை பிடிச்சுக் கொடுத்தேன். அந்த அறை எங்க அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

போட்டி வேணாம்க்கான்னா. செல்போன்ல எதையும் போடாதேன்னா. உன் பேரை யாருடி போடச் சொன்னா, சொடக்குன்னு போட்டுட்டாப் போச்சுன்னு நான் சொன்னேன். சொடக்குன்னா எங்க வீட்டு ஆளுங்க மட்டும் கூப்பிடற பேரு. சின்ன வயசுல சும்மா உட்கார வெச்சா பத்து விரலையும் ஒண்ணொண்ணா சொடக்கு எடுத்துக்கிட்டு இருப்பா. அவ சரின்னும் சொல்லலை, மாட்டேன்னும் சொல்லலை. அவ செல்போன்ல ஆப் போட்டதும் நான்தான். போட்டிப் படிவத்தை நானே நிரப்பி, அவ கையெழுத்தையும் நானே போட்டுட்டேன்.

பஸ்ல யாராவது பார்த்துடுவாங்கன்னு அவ சுத்து வழியா முக்கால் மணி நேரம் நடந்துதான் வேலைக்கு வருவா. அதுதான் எங்களை ஜெயிக்க வெச்சுது. கணக்குப் பிரிவு நாலாவது இடம். லிஃப்ட்ல அவனைப் பார்த்து, என்ன சார், கால் வலியான்னு கேட்டேன். ஒரு வாரம் நான் தரையில நடக்கலை.

இதழ் வந்துச்சு. ரெண்டாம் பக்கத்துல பெரிய எழுத்துல, 'சொடக்கு தினமும் நடக்கும் பாதை'. முகம் கிடையாது, ரெண்டு செருப்புக் காலோட படம். கீழே ஆப்ல இருந்து எடுத்த வரைபடம். பேக்கரிச் சந்து முனையில ஒரு பச்சைப் புள்ளி, அங்கிருந்து எங்க பின்கேட்டு வரைக்கும் ஒரு சிவப்புக் கோடு. காலை ஐந்து நாற்பதுக்கே கிளம்பிவிடுகிறார்னு பாராட்டு வேற.

மூணாம் பக்கம்தான் வேடிக்கை. 'இணையத்தில் பாதுகாப்பாக இருங்கள்'னு பத்தாயிரம் எழுதின அறிவுரை. டீ நேரத்துல நான் ஒரு மேஜை மேல ஏறி நின்னு அவ குரல்லயே அதைப் படிச்சேன். தெரியாத எண்ணிலிருந்து கேள்வி வந்தால் பதில் தராதீர்கள், கேட்பவருக்குப் பதில் முக்கியமில்லை, பதில் சொல்ல ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் போதும். எல்லாரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்குச் சொல்றமாதிரி சொல்றா பாருன்னு ஒருத்தி சொன்னா.

தங்கச்சி சிரிக்கலை. அவ ரெண்டாம் பக்கத்தையே பார்த்துக்கிட்டு இருந்தா. இது காகிதத்துல மட்டும்தானா, இணையத்துலயும் போடுவாங்களான்னு கேட்டா. இந்தக் குப்பையை எவன் தேடிப் படிக்கப் போறான்னேன். பேர் இல்லை, மூஞ்சி இல்லை, உலகத்துல சொடக்கு நீ ஒருத்திதானான்னு கேட்டேன். அவ காகிதத்தை நாலா மடிச்சு இடுப்புல செருகிக்கிட்டுப் போர்வை மடிக்கப் போயிட்டா.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு என் செல்போனுக்கு ஒரு செய்தி வந்துச்சு. தெரியாத நம்பர். ரெண்டாம் பக்கத்தோட படம், அதுக்குக் கீழே ரெண்டே வார்த்தை: 'இது யாரு?'

அதைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிடுச்சு. வேற யாரா இருக்கும்? வேற எவனுக்கு அந்தப் பேரு தெரியும்? கொஞ்சம் நிதானிச்சிருந்தா, ஒரு நிமிஷம் உட்கார்ந்து யோசிச்சிருந்தா. எங்கே, எனக்கும் நிதானத்துக்கும் ரொம்ப தூரம். துணி உலர்த்தற மெஷினுக்குப் பின்னாடி போய் நின்னு அந்த நம்பருக்குப் போன் போட்டேன். அவன் ஹலோன்னுகூடச் சொல்லலை. நான்தான் ஆரம்பிச்சேன். பேக்கரிச் சந்துப் பக்கம் உன் காலு பட்டுச்சு, காலை ஒடிச்சுக் கையில கொடுத்துடுவேன்னேன். அவ இப்போதான் ராத்திரி தூங்கறா, இப்போதான் வாய்விட்டு நாலு வார்த்தை பேசறா, அவ நிழலைத் தொட்டே உன்னைச் சும்மா விடமாட்டேன்னேன். வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அவன் குறுக்கே பேசவே இல்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தினதும் மெதுவாச் சொன்னான்.

"சரிக்கா. அவளா இல்லையான்னு ஒரு சந்தேகம் இருந்துச்சு. அதான் கேட்டேன்."

போனை வெச்சுட்டான்.

மெஷின் சுத்திக்கிட்டே இருக்கு, நான் செல்போனைப் பார்த்துக்கிட்டே நிக்கிறேன். அப்புறம் படியேறி ஓடினேன், லிஃப்டுக்குக்கூட நிக்கலை. பத்தாயிரத்தோட அறைக் கதவை நான் தட்டலை. அந்தப் பக்கத்தை இணையத்துல இருந்து எடு, இந்த நிமிஷமே எடுன்னேன். அவ நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னா, தண்ணி கொடுத்தா, மூச்சை நாலு எண்ணி இழுத்து நாலு எண்ணி விடுங்கன்னா. தண்ணி டம்ளர் எங்கே போய் விழுந்துச்சுன்னு எனக்கு ஞாபகம் இல்லை. முழுக் கதையையும் சொன்னேன். அவ முகம் வெளிறிப் போச்சு. பக்கத்தை எடுக்கணும்னா வெளியீட்டுக் குழு ஒப்புதல் வேணும், குழு திங்கட்கிழமைதான் கூடும்னு வாய்க்குள்ள முனகினா.

"திங்கட்கிழமை என் தங்கச்சிக்கு இரங்கல் செய்தி போடுவியா? அதுக்கும் குழு கூடணுமா?"

எடுத்துட்டா. ரெண்டு நிமிஷ வேலை. ரெண்டு தடவை கடவுச்சொல்லைத் தப்பாப் போட்டா. எனக்கு அப்பவும் ஆத்திரம் அடங்கலை. ஒரு மனுஷி எங்கே குடியிருக்கான்னு ஊருக்கே கோடு போட்டுக் காட்டறியே, அடுத்த பக்கத்துல பாதுகாப்புன்னு பாடம் நடத்தறியே, வெக்கமா இல்லையான்னு கேட்டேன். அவ அழுதுடுவாபோல இருந்தா. மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்து என் முன்னாடி வெச்சா. பாதையையும் நேரத்தையும் வெளியிடச் சம்மதம்னு அதுல ஒரு வரி, பக்கத்துல ஒரு டிக்.

"தப்பு என்னோடதுதான், நான் யோசிச்சிருக்கணும்,"ன்னா. "ஆனா இந்தக் கையெழுத்து அவங்களோடதுதானே?"

அந்த வரியை நான் படிக்கவே இல்லை. கணக்குப் பிரிவுக்காரன் மூஞ்சியை மனசுல வெச்சுக்கிட்டு இருந்த கட்டமெல்லாம் டிக் அடிச்சிருக்கேன்.

கீழே போய்த் தங்கச்சிகிட்ட சொன்னேன். அவ ஒரு போர்வையோட ரெண்டு முனையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. நான் மத்த ரெண்டு முனையை எடுத்தேன். மடிச்சு முடிச்சதும் அவ கேட்டா.

"அவன் கேட்டதுக்கு நீ பதில் சொன்னியா?"

"திட்டினேன்டி. நல்லா நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி திட்டினேன்."

"அதுதான்க்கா பதில்,"ன்னா. அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னா. "அடிக்கறதுக்கு முன்னாடி அவன் என்னைச் சொடக்குன்னுதான் கூப்பிடுவான். வேற நேரத்துல கூப்பிட மாட்டான்."

எட்டு மாசமா அவ இதை என்கிட்ட சொல்லலை. நானும் டீ நேரத்துல, வேலை நேரத்துல, ஊர் கேட்க அவளைச் சொடக்கு சொடக்குன்னு கூப்பிட்டுக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்.

பத்தாயிரம் எங்கெங்கேயோ போன் பண்ணிப் பெண்கள் காப்பகத்துல பேசி முடிச்சா. அதையும் சொல்லணும், அந்த வேலையை அவ ஒழுங்காப் பண்ணினா. மூணு மணிக்குப் பின்கேட்டுக்கு வண்டி வரும்னாங்க. அதுக்குள்ள அவளோட துணிமணி, மாத்திரை, மணிக்கட்டு எக்ஸ்ரே எல்லாம் எடுத்துட்டு வந்துடறேன்னு நான் சாவியை வாங்கிக்கிட்டுக் கிளம்பினேன். வேணாம்னுதான் சொன்னா. நான் கேட்டாத்தானே.

பேக்கரிச் சந்து முனையில திரும்பினதும் அவனைப் பார்த்துட்டேன். அவ அறைக்கு எதிர்ச் சுவர்ல சாய்ஞ்சு நின்னுக்கிட்டு இருந்தான். தலையை ஒழுங்கா வாரி, சட்டையைத் தேய்ச்சுப் போட்டுக்கிட்டு, பொண்ணு பார்க்க வந்தவன்போல நின்னான். என்னைப் பார்த்ததும் சிரிச்சான்.

"வாங்கக்கா. நீங்க சொன்ன சந்துதானே இது?"

இத்தனை வருஷத்துல முதல் தடவையா எனக்கு ஒரு வார்த்தை வரலை. வாயைத் திறந்தா என்ன வந்துடுமோன்னு பயம். திரும்பி நடந்தேன். அவன் பின்னாடி வர்றானான்னு பார்த்துக்கிட்டே ரெண்டு பஸ் மாறி, சந்தைக் கட்டடத்துக்குள்ள ஒரு வாசல்ல நுழைஞ்சு இன்னொரு வாசல்ல வெளியே வந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியிலேயே போலீசுக்குப் போன் பண்ணினேன். ஆள் அனுப்பிப் பார்த்துட்டுச் சொன்னாங்க, தெருவுல நிக்கறது குத்தம் இல்லையாம்.

பின்கேட்டுல அழுக்குத்துணி ஏத்தற இடத்துல வண்டி வந்து நின்னுச்சு. காப்பகத்துல இருந்து வந்த அம்மா வயசானவங்க, ரொம்பப் பேசலை. தங்கச்சி சலவைச் சீருடையோடயே நின்னா. அவ பையும் இல்லை, மாத்து உடுப்பும் இல்லை. எதையும் எடுக்க முடியலைன்னு சொன்னேன். பரவாயில்லைக்கான்னா. என் சால்வையைக் கழட்டிப் போர்த்திவிட்டேன், வாங்கிக்கிட்டா. அவ செல்போனை அந்த அம்மா வாங்கி அணைச்சுத் தன் பையில போட்டுக்கிட்டாங்க. அப்புறம் ஒரு தாளை எடுத்து அவளோட பேர், வயசு, உடம்புல இருக்கற காயம் எல்லாம் கேட்டு எழுதினாங்க. கடைசியா ஒரு கட்டம் இருந்துச்சு.

"இருக்கற இடத்தை ஒரே ஒருத்தருக்கு மட்டும் நாங்க சொல்லலாம்மா. அவசரம்னா கூப்பிடறதுக்கு. யார் பேரை எழுதட்டும்?"

நான் முன்னாடி வந்து நின்னேன். என் நம்பரைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

தங்கச்சி என்னைப் பார்த்தா. கோபம் இல்லை, அழுகையும் இல்லை.

"யாரும் இல்லைம்மா,"ன்னா.

அந்த அம்மா ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்துட்டு, அதையே எழுதிக்கிட்டாங்க.