கதைக்காக வெட்டிய காசு

பங்குனித் திங்களின் நண்பகல். வாலிநோக்கத்துக் கடற்கரையில், கண்ணுக்கெட்டிய தொலைவுவரை பாத்தி பாத்தியாய்ப் பரந்த உப்பளங்கள் வெயிலைக் குடித்து வெயிலையே விளைத்துக் கிடக்க, வரப்போரங்களில் வாரிக் குவித்த வெள்ளுப்புக் குவியல்கள் காண்பார் கண்ணைக் கூசச்செய்து நிற்க, அவற்றுக்கு அப்பால் மன்னார்க் கடல் பச்சையும் நீலமுமாய் மடிந்து மடிந்து மணலில் விழ, உடைமரங்களின் ஊடே வந்த காற்றும் நாவில் கரித்தது. அக்கரையோரத்தில், பனைகள் சிலவற்றின் இடையே, கூரையும் கோபுரமும் இல்லாத காளி கோயில் ஒன்று இருக்கிறது. கற்றறிந்த நண்பரே, நும் ஊர்ப்பக்கத்திலும் இத்தகைய கோயில் இருக்கக் கூடும். உற்றாரால் வஞ்சிக்கப்பட்டு, ஊராராலும் கைவிடப்பட்டோர் அங்கே வந்து, வஞ்சித்தவன் பெயரைச் சொல்லி, ஒரு காசை உளியால் இரு துண்டாக வெட்டி, அவள் காலடிக் கல்லின்மேல் போட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் போவர். பெயருக்குரியவன் அச்செய்தி கேட்ட அன்றே சோற்றை வெறுப்பான். அக்கல்லின்மேல் வெயிலில் காயும் துண்டுகளைத் தொட அவ்வூர்க் கள்வரும் அஞ்சுவர்.

அங்கேதான் ஒருநாள் நாகஜோதி வந்து சேர்ந்தாள். முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாயும் நெல்லும் விளையும் நிலமுடைய குடியிற் பிறந்து, அத்தகைய குடியிலேயே வாழ்க்கைப்பட்டு, புதினங்கள் எழுதிப் பெயர்பெற்றவள் அவள். அவளது அறையில் அகரமுதலிகள் ஒருபுறம், மீன்களையும் காற்றுகளையும் பற்றிய நூல்கள் ஒருபுறம், சிற்றூர்த் தெய்வங்களின் வழிபாட்டு முறைகளைத் தொகுத்த தடித்த நூல் ஒன்று, பிள்ளைகளுக்குச் சூட்டும் பெயர்களின் களஞ்சியம் ஒன்று என, நெல்மூட்டை அடுக்கியதுபோல் நூல்கள் அடுக்கி நிற்கும். ஒருவரி எழுத மூன்று நூல்களைப் புரட்டுவாள். புரட்டியும் மனம் நிறையாள். உப்புச் சுமப்பவளைப் பற்றி எழுதத் தானும் சுமந்து கழுத்துப் பிடித்துக் கிடந்தாள். பட்டினியைப் பற்றி எழுத உண்ணாமல் இருந்து மயங்கி விழுந்தாள். "நல்லவேளை, நீ கொலைக்கதை எழுதலை" என்று அவள் கணவன் ராம்குமார் கேலி பேசுவதுண்டு.

அவள் அப்போது எழுதிக்கொண்டிருந்த புதினத்தில், உடன்பிறந்த தம்பியிடம் நிலத்தைப் பறிகொடுத்த அக்கை ஒருத்தி காசு வெட்ட வேண்டும். வழிபாட்டு நூல் அதனை நான்கே வரிகளில் முடித்துவிட்டது. நான்கு வரிகளில் கையின் நடுக்கம் ஏது, உளியின் குளிர்ச்சி ஏது? ஆகவே புறப்பட்டு வந்தாள். கல்லின்முன் மண்டியிட்டு உளியை எடுத்தபோது பூசாரி, ஹசன் அலி என்பவரின் கடையில் தாம் வாங்கி வைத்திருந்த எலுமிச்சையை அவள் கையில் வைத்து, "எந்த ஊரும்மா நீங்க? யாரு பேருக்கு வெட்டுறீக?" என்று கேட்டார். கதைக்காக என்றால் துரத்திவிடுவார். தன் ஊரை உள்ளபடி சொன்னாள்; பெயருக்கோ, களஞ்சியத்தில் கண்ணை மூடிக்கொண்டு விரல்வைத்துத் தன் புதினத்துத் தம்பிக்குச் சூட்டியிருந்த பெயரை, கதை நிகழும் ஊரோடு சேர்த்துச் சொன்னாள்.

"வாலிநோக்கம் குருநாதன். கூடப்பொறந்த அக்காளை வஞ்சிச்சவன்."

காசு இரண்டாயிற்று. அம்மம்மா, என்ன துணிவு! அப்பெயருடையான் ஒருவன் அவ்வூரில் உயிரோடு உலவுகிறானா என்று ஒரு சொல் கேட்கத் தோன்றவில்லையே அவளுக்கு! வீட்டுக்கு வந்து எழுதிய அந்த இயலைப்போல் அவள் அதுவரை எழுதியதில்லை. மகிழ்ச்சி தாளாமல் கணவனுக்கும் மாமியாருக்கும் உரக்கப் படித்துக் காட்டினாள்.

சில நாள் கழித்து, முற்பகலில், உப்பு அரித்த காலும் சீவாத தலையுமாய் ஒருத்தி அவள் வாயிலில் வந்து நின்றாள்.

"நீங்கதான் எங்க ஊருக் காளி கோயில்ல காசு வெட்டுனவுகளா?"

நாகஜோதி ஆமென்று தலையசைத்தாள்.

"எம் பேரு யுவராணி. எங்க வீட்டுக்காரருதான் குருநாதன். அளத்துல உப்பு வார்ற ஆளு. சேதி கேட்டதுலருந்து சோறு எறங்கலை, தூக்கமில்லை, சுவத்தப் பாத்துக்கிட்டே கெடக்காரு. ஆசுபத்திரியில ஒண்ணுமில்லேங்குறாக. பூசாரிகிட்ட அழுது ஒங்க ஊரையும் அடையாளத்தையும் வாங்கிட்டு வந்துருக்கேன். அவரு ஒங்களுக்கு என்னம்மா செஞ்சாரு?"

"அது... கதைக்காக வெட்டுனதும்மா. நான் கதை எழுதுறவ. அந்தப் பேரு நானா வச்சது."

யுவராணி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "கதைக்கா? ஒங்க கதைக்கு எங்க வீட்டுக்காரருதான் கெடைச்சாரா? நீங்க கதைய முடிச்சிட்டு அடுத்த கதைக்குப் போயிருவீக. என் தாலிக்கு யாரு பதில் சொல்றது?"

வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்டாள் நாகஜோதி. தெய்வம் சினந்து உயிர்குடிக்கும் என்பதை அவள் என்றும் நம்பியவள் அல்லள். ஆனால் நம்பாமை எதற்கு உதவும்? அங்கே ஒருவன் உண்ணாமல் கிடக்கிறான். அவன் இறந்தால் உளி பிடித்த கை இந்தக் கை. உள்ளே ஓடி வழிபாட்டு நூலைப் பிரித்தாள். எழுத்துகள் கண்ணில் நிற்கவில்லை. தேடித்தேடி ஒரு வரியைக் கண்டாள்: வெட்டியவரும் பெயருக்குரியவரும் ஒருங்கே வந்து, துண்டுகளை எடுத்துக் கடலில் எறிந்து, ஒரே செம்பில் நீர் பருகினால் அந்தச் சாபம் நீங்கும். அவ்வளவுதான். கட்டியிருந்த புடவையோடு யுவராணியின் பின்னே புறப்பட்டாள். இருவரும் பேருந்தேறி வாலிநோக்கம் வந்தனர்.

குருநாதன் தரையில் சுருண்டு கிடந்தான். உதடு வெடித்து, கண் குழிந்து, நாற்பது அகவையில் எழுபதைத் தொட்டவனாய்த் தெரிந்தான். "அய்யா, ஒங்களை எனக்குத் தெரியவே தெரியாது. நான் சும்மா..." என்று நாகஜோதி தொடங்க, அவன் கையூன்றி எழுந்து உட்கார்ந்தான்.

"எங்க அக்கா அனுப்புச்சா ஒங்களை?"

நாகஜோதி யுவராணியைத் திரும்பிப் பார்த்தாள்.

"உலகம்மா அக்கா. ஆத்தாளும் அய்யாவும் செத்தப்பறம் தலையில உப்புச் சொமந்து என்னைய வளத்தவ. ரேசன் கார்டுக்குன்னு பொய் சொல்லிக் கைநாட்டு வாங்கி, அவ பங்குப் பனங்காட்டை எம் பேருக்கு மாத்திக்கிட்டேன். கேட்டதுக்குக் கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளுனேன். தேவிபட்டினத்துல, கடலுக்குள்ள இருக்குற சாமியக் கும்புட வாரவுகளுக்கு நவதானியம் வித்துக்கிட்டு இருக்கா. அவதான வெட்டச் சொன்னா? சொல்லுங்கம்மா!"

யுவராணி சுவரில் சாய்ந்தாள். "மதினி சண்டை போட்டுட்டுத் தானாப் போயிருச்சுன்னுல்ல என்கிட்டச் சொன்னீக?"

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டான். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்களே, அதுதான் நிகழ்ந்தது. ஆனால் நாகஜோதி எண்ணியது வேறொன்றை. இது தெய்வத்தின் விளையாட்டு என்று நினைத்திருந்தால்கூட அவள் ஆறியிருப்பாள். அக்கையை ஏய்த்த தம்பியர் இந்நிலத்தில் ஒருவரா, இருவரா? அன்று விரல் வேறெந்தப் பெயரின்மேல் பட்டிருந்தாலும், ஏதோவொரு வீட்டில் ஏதோவொருவன் இப்படித்தான் சுருண்டு கிடந்திருப்பான். அந்த எண்ணம் வந்ததும் அங்கே நிற்கவே அவளுக்கு அச்சமாக இருந்தது.

"வாங்க, எடுத்துருவோம். இப்பவே எடுத்துருவோம்" என்று அவள் பதறினாள்.

மனைவியின் தோளில் தொங்கிக்கொண்டு அவன் கோயிலுக்கு வந்தான். பூசாரி செம்பில் நீர் நிறைத்து வைத்தார். நாகஜோதி குனிந்து கல்லின்மேல் கையை நீட்டினாள்; வெயிலில் காய்ந்த துண்டு விரலைச் சுட்டது.

"எடுக்காதீங்க!" என்று அலறினான் குருநாதன்.



"கிறுக்குப் புடிச்சிருச்சா ஒங்களுக்கு?" என்று யுவராணி அவன் நெஞ்சில் அடித்தாள். "செத்துப்போவீக!"

"இல்ல புள்ள. இவுக அதை எடுத்துட்டா எனக்குப் பசிக்கும். பசிச்சாத் திம்பேன், தின்னாத் தூங்குவேன். தூங்கி எந்திரிச்சா அக்கா நெனப்பு இருக்காது. எனக்கு என்னையத் தெரியும்." அவனுக்கு மூச்சு வாங்கியது. "பயம் இருக்கையிலயே தேவிபட்டினம் போறேன். அவ கால்ல விழுந்து, காட்டை அவ பேருக்கு எழுதித் தாரேன்னு சொல்லி, அவளை இங்கன கூட்டியாரேன். அதுவரைக்கும் அது இங்கனயே கெடக்கட்டும்மா."

நாகஜோதியின் கை கல்லின்மேல் நின்றது. எடுத்தால் இவன் பிழைப்பான். உலகம்மாள் என்றென்றைக்கும் தெருவில் நவதானியம் விற்பாள். எடுக்காவிட்டால், உண்ணாமல் உருக்குலைந்த இவ்வுடம்பு இந்த வெயிலில் வழியிலேயே விழக்கூடும். தன் புதினத்தில் என்றால் ஒரே வரியில் முடித்திருப்பாள்; வாழ விடுவதும் சாக விடுவதும் அங்கே ஒரு மைத்துளி. இங்கே அவளுக்கு வியர்த்தது, அழுகை வந்தது, ஓடிவிடலாமா என்றும் தோன்றியது. முடிவில் கையை இழுத்துக்கொண்டாள்.

"நானும் வாரேன், நடங்க" என்று யுவராணி கணவனைத் தாங்கிக்கொண்டாள். போகுமுன் திரும்பி நாகஜோதியைப் பார்த்தாள். "நாங்க வர்ற வரைக்கும் நீங்க இந்தக் கல்லை விட்டு நகரக் கூடாது. சொல்லிட்டேன்."

"நகரமாட்டேன்."

பேருந்து அவ்விருவரையும் ஏற்றிக்கொண்டு உப்பளங்களின் நடுவே போய் மறைந்தது. ராம்குமார் கைப்பேசியில் அழைத்து, எங்கே இருக்கிறாய், எப்போது வருவாய் என்று கேட்டான், தெரியவில்லை என்றாள். வெயில் சாய்ந்தது, அளத்து ஆட்கள் ஒவ்வொருவராய்க் கரையேறிப் போயினர், பூசாரியும் அவளருகில் கொஞ்சம் சோறு வைத்துவிட்டுப் போனார். அவள் அதைத் தொடவில்லை. பெயர் சூட்டுவோர் பெற்றோரைப்போல் பெருமிதம் கொள்ளுதல் எளிது. சூட்டிய பெயருக்கு ஓர் உயிர் திரும்பிப் பார்த்துவிட்டால், அப்புறம் அதன் பசிக்கும் மூச்சுக்கும் நாமே விடை சொல்ல வேண்டும். பத்துப் புதினங்களில் எத்தனையோ பேரைக் கண்கலங்காமல் கொன்றவள், தான் படைக்காத ஒருவன் உயிரோடு வந்து இறங்க வேண்டுமே என்று, ஒவ்வொரு பேருந்தின் ஓசைக்கும் எழுந்து எழுந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.