கேளாச் செவியும் திரும்பிய முகமும்

மாலைக் கதிரவன் கூரை ஓடுகளின்மேல் செம்பொன்னை உருக்கி ஊற்றினாற்போல் ஒளி பரப்ப, பகலெல்லாம் வண்டியோசையால் அதிர்ந்த கடைத்தெரு பாதி சாத்திய கதவுகளோடு மெல்ல இளைப்பாறிய அந்நாள்களில், தெருக்கோடியிலிருந்த சிறிய அடுமனையினின்று எழுந்த அப்ப மணம், பசித்தவரையும் பசியாதவரையும் ஒருங்கே திரும்பிப் பார்க்கச் செய்தது. இன்று அவ்விடத்தில் வேறு கடை உளது; ஆயினும் அத்தெருவின் முதியோர் அதனைக் கடக்குங்கால் இன்னும் ஒரு நொடி நடை தளர்கின்றனர்.

அடுமனைக்காரர் உழைப்பில் மலை, பேச்சில் கல். அவர் மனைவியோ ஓயாத அருவி. விற்பனைப் பலகையருகே நின்று, வந்தவர் போனவர் செய்தியெல்லாம் அவ்வம்மையார் சொல்லிக்கொண்டேயிருக்க, கணவர் அடுப்பை நோக்கி நின்றபடி, முதுகு காட்டியே "ம்" என்பார். அந்த ஓரெழுத்தை முதலாகக் கொண்டே அம்மையார் பல்லாண்டு இல்லறம் நடத்தினார் என்றால் மிகையன்று.

அங்ஙனமிருக்க, ஒரு குளிர்காலத்துக் கடுங்காய்ச்சல் அம்மையாரைப் பற்றியது. உயிர் தப்பியது, செவிப்புலன் தப்பவில்லை. மருத்துவர் கை விரித்தார். மறுமொழியாய் அந்த "ம்" என்பதும் எட்டாத வெறுமையில் அம்மையாரும் வாய் மூடினார். நெடுநாள் ஓடிய ஆறு வற்றியபின் கரைக்குத் தன் வறட்சி புலப்படுவதுபோல், கணவருக்கு அப்பொழுதுதான் தாம் இழந்தது இன்னதென விளங்கியது.

அன்றுமுதல், அடுப்பவிந்ததும் கோயிலுக்குச் சென்று, சிலுவையின் முன் மண்டியிட்டு, மனைவியின் செவியைத் திறந்தருளுமாறு மன்றாடினார். குளிர் போய் வெயில் வந்தது; வெயில் போய் மழையும் வந்தது; செவி திறக்கவில்லை. ஒருநாள் மாலை, மனைவி பின்வரிசையில் அமர்ந்திருக்க, பொறுமை உடைந்து வாய்விட்டே கதறினார்:

"ஆண்டவரே, அவளுக்குத்தான் காது கேக்கல. உமக்குமா கேக்கல?"

கணவரின் தோள்கள் குலுங்கக் கண்ட அம்மையார் எழுந்து முன்வந்து, அசையும் அவ்வுதடுகளை வியப்போடு நோக்கினார்.

"யார்கிட்டங்க இவ்வளவு பேசுறீங்க? எனக்கும் சொல்லுங்களேன்."

அவர் மனைவியின்பால் முகந்திருப்பி, ஒவ்வொரு சொல்லாய் உதட்டில் வடித்தார். "உன் காதுக்காகத்தான் கேட்டேன். நீ பேசாம, வீடு வீடாவே இல்ல."

அம்மையாருக்கு முதன்முறை பாதி விளங்கவில்லை, மறுமுறை விளங்கிற்று. கண்ணீரினூடே சிரிப்பு வெடித்தது.

"அடேயப்பா! கல்யாணமானதுலேருந்து நீங்க சேர்ந்தாப்ல இவ்வளவு பேசி நான் பாத்ததே இல்ல. இன்னொரு தரம் சொல்லுங்க!"

மறுநாட் காலை அடுமனைக்காரர், உதடு மறையாதிருக்கும்பொருட்டுத் தம் அடர்ந்த மீசையை மழித்தெறிந்தார். தெரு சிரித்தது, அவர் பொருட்படுத்தவில்லை. மாப் பிசையும் பலகையையும் இழுத்து, மனைவியின் முகத்தெதிரே போட்டுக்கொண்டார். அருவி மீண்டும் பாய்ந்தது; தம் குரலின் அளவு தாமறியாமையால் அம்மையார் உரக்கப் பேச, அவ்வீட்டுக் கமுக்கமெல்லாம் தெருவுக்கே பொதுவாயிற்று.

செவி இறுதிவரை திறக்கவேயில்லை. ஆண்டுகள் பல கழிந்து அம்மையார் மறைந்தபின், பார்க்க வந்த மகள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அம்மாவுக்குக் காது திரும்ப வரவே இல்லையேப்பா. ஆண்டவர்மேல வருத்தம் இல்லையா?"

முதியவர் மீசையில்லா மேலுதட்டைத் தடவிக்கொண்டார்.

"இருந்துச்சும்மா. ரொம்ப நாள் இருந்துச்சு. ஆனா அன்னிக்கே காது கிடைச்சிருந்தா, நான் மறுபடியும் அடுப்புப் பக்கம் திரும்பியிருப்பேன்."

வேண்டுவோர் கையில் வேண்டியதையே வைப்பதும் இறைவன் அருளே. வையாது, வேண்டியவரையே வேறொருவராக்கி வீட்டுக்கு அனுப்புவதும் அவ்வருளே. தமக்கு வாய்த்தது எதுவென நம்மிற் பலர் அறிவது, அதனைச் சொல்லி மகிழ உரியவர் அருகில் இல்லாத பிற்காலத்திலேயாம்.